நல்லசிவன் வைத்த பார்டர்கள்

ரைஸ்மில் ஆவுடையப்பன் செத்துப் பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த மறுநாள் காலையில், அவர் பெண்சாதி பேச்சியம்மாள் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து சுவரில் மாட்டியிருந்த போட்டோவை நிமிர்ந்து பார்த்தபோது, போட்டோவுக்குள் பிரம்பு நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. ஆவுடையப்பன் படத்தைச் சுற்றி விட்டிருந்த வெள்ளை பார்டருக்குள் இறங்கி வந்து, கட்டைவிரல் உயரத்துக்குச் சிறுத்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மரச்சட்டத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "நாற்காலி கிடக்க, மூலையில போயி உக்காந்திருக்கீரே, உயிரோட இருந்தப்பவும் இதே புத்திதான்" என்று சொல்லிவிட்டு, அவருக்கும் சேர்த்துக் காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

பனையடிப்பேட்டையில் அது அப்படித்தான் தொடங்கியது.

அந்த பார்டரை வைத்தவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த நல்லசிவன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவர் இல்லை. கல்யாண ஆல்பங்களின் நெருக்கடியில் ராத்திரிகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, தப்புப் பண்ணித் தப்புப் பண்ணியே போட்டோஷாப்பைப் பழகினவர். படத்துக்குச் சட்டம் போடுகிற மைதீன் பிச்சை எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நாலு ஓரத்தையும் கொஞ்சம் மரத்துக்குள் விழுங்கிவிடுவார் என்பதாலும், அப்படி விழுங்குவதில் ஒருவருக்குக் காது போகும், ஒருவருக்கு மாலையின் குஞ்சம் போகும், ஓரத்தில் நிற்கிற சித்தியின் தோள்பட்டை மொத்தமாகவே போகும் என்பதாலும், நல்லசிவன் பிரிண்ட் போடுகிறதற்கு முன்னால் படத்தின் நாலு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை விட்டுவிடுவார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வெறும் வெள்ளை. இறந்தவர்களுக்கு அந்த வெள்ளையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. இதற்கு மேல் அதில் ஒரு சூட்சுமமும் இல்லை. பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள், அதே பேப்பர் அதே மை வாங்கிப் பார்த்தார்கள். அவர்கள் வைத்த பார்டரில் ஒரு எறும்புகூட வந்து உட்காரவில்லை.

முதல் வாரத்தில் ஊரே பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்த்தவர்களுக்கு ஆச்சரியத்தைவிடப் பொறாமைதான் கூடுதலாக இருந்தது. தங்கள் வீட்டுப் படங்களை சைக்கிள் கேரியரில் கட்டியும், முந்தானையில் பொதிந்தும், பீரோவுக்கு மேலே தூசி அடைந்து கிடந்தவற்றை ஈரத்துணியால் துடைத்தும் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்; நல்லசிவன் கறைகளை நீக்கி, பூச்சி அரித்த கன்னங்களை ஒட்டி, பார்டர் வைத்துக் கொடுக்கக் கொடுக்க, பிள்ளைப்பேற்றில் போனவர்களும், கிணற்றில் விழுந்தவர்களும், காமாலையில் போனவர்களும், இன்னதென்று யாரிடமும் சொல்லாமல் அரளிவிதையை அரைத்துக் குடித்தவர்களும், ஒவ்வொருவராகப் படத்தைவிட்டு இறங்கி வந்து வெள்ளையில் உட்கார்ந்தார்கள். பேசவில்லை, எதையும் கேட்கவில்லை; வெயிலுக்கு ஒதுங்கினவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பார்டர் எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரந்தான் ஆள். அதனால் அகலத்துக்குத்தான் அடிதடி.

"அண்ணாச்சி, எங்க அம்மைக்கு இன்னுங் கொஞ்சம் அகலமா வைங்க. முகம் தெரிய மாட்டேங்கு."

"பார்டர் கூடுனா படம் சிறுத்துப் போகும்மா."

"படம் எதுக்கு? அவ அதுல எங்க இருக்கா?"

வீடுகள் இந்த வரவுக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டன. டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள், ஆள் இல்லாத அறையில் பேன் ஓடியது, வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டும்போது ஜன்னலை மட்டும் சாத்தாமல் போனார்கள். மைதீன் பிச்சை கீழ்ச்சட்டத்துக்கு ஆணி அடிப்பதை விட்டுவிட்டு பசை போட்டு ஒட்ட ஆரம்பித்தார். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமலே செத்துப்போன அண்ணன் தம்பியை ஒரே படத்தில் போட்டுத் தந்தபோது அண்ணன் கீழ் பார்டரிலும் தம்பி மேல் பார்டரிலுமாக உட்கார்ந்துகொண்டு ஒருவர் இருக்கிற திசையை ஒருவர் பார்க்கவில்லை. தபால் ஆபீஸ் தெருவில் ஒரு மருமகள், "இருந்தப்பவும் அடுப்படியவே பாத்துக்கிட்டு இருந்தாவ, இப்பவும் பாக்காவ, குழம்புல உப்புக்கூடப் போட முடியல" என்று மாமியார் படத்தைத் தெருப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள். மாமியார் எழுந்து, மறுபடி அடுப்படியைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், தெருவில் போகிறவர்களுக்கு அவள் முதுகும் கொண்டையும் மட்டும் தெரிந்தன. திவசத்துக்கு என்ன செய்வது என்று கேட்கப் போனவர்களிடம் கோயில் குருக்கள், "வாங்கோன்னு கூப்பிடறதுக்குத்தானே மந்திரம்? வந்தே இருக்கறவாளை எப்படிக் கூப்பிடறது?" என்று கையை விரித்தார். உயிரோடு இருக்கிறவர்களே வந்து தங்களுக்கு வேண்டிய அகலத்தைச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் மட்டும், "எனக்கு பார்டரே வேண்டாம், செத்தபெறகாவது இந்த வீட்டப் பாக்காம இருக்கேன்" என்றார்.

உட்காரப் பழகுவதற்கு முன்னாலேயே போய்விட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு தாய், பிரசவ ஆஸ்பத்திரியில் யாரோ செல்போனில் எடுத்த மங்கலான படம் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இவன் புரண்டு கீழ விழுந்திருவானோன்னு இருக்கு" என்றாள். நல்லசிவன் அந்த ஒரு படத்துக்கு மட்டும் மூலைகளைச் சதுரமாக விடாமல் நாலு பக்கமும் வளைத்து, பார்டரைத் தொட்டில் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். அவள் அதைச் சட்டம் போடக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் படத்தைவிட்டு இறங்கி வருவதில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எந்தப் படத்துக்கு எவ்வளவு அகலமாக வைத்தாலும் அந்த வெள்ளை வெறிச்சென்றுதான் கிடந்தது. அதனால் பார்டர் ஒரு சாட்சியாகவும் ஆகிப்போனது. வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனவன் போனதுதான் என்று அழுதுகொண்டிருந்த லாரி டிரைவர் பெண்சாதி ஒருத்தி, அவன் படத்துக்கு பார்டர் வைத்து வாங்கிக்கொண்டுபோய், விளக்கை ஏற்றிக் காத்திருந்தாள். யாரும் வந்து உட்காரவில்லை. காத்திருந்து காத்திருந்து, ஒருநாள் காலையில் தெருவுக்கு வந்து நின்று, "சாகல! வராமத்தான் இருக்கான், நாசமாப் போவான்!" என்று கத்தினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா கோபமா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

கனி போனது அதற்குப் பிறகுதான்.

சண்முகக்கனி, நல்லசிவனுக்கும் பிரம்மசக்திக்கும் ஒரே மகள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பையன் தவசிக்குமாரைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பக்கத்துத் தெரு என்று சொன்னால் பனையடிப்பேட்டையில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள், கூடத்தில் உட்கார்ந்து பாயைப் பிய்த்தார்கள், "தலைமுழுகிட்டேன்னு ஊருக்குத் தெரியிற மாதிரி செய்யி, இல்லேன்னா நாங்க உன் வீட்டு வாசல்ல கால வைக்க மாட்டோம்" என்றார்கள். அவர்கள் சொல்லித்தான் செய்தாரென்று சொல்ல முடியாது. நல்லசிவனே கொதித்துக்கொண்டுதான் இருந்தார். கடைக்குப் போய், மஞ்சள் தாவணியில் தானே எடுத்த மகளின் படத்தைத் திறந்து, பூமாலை ஒன்றை எடுத்து ஒட்டி, கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுதி, வேறு யாருக்கும் வைக்காத அளவு தடிமனாகக் கறுப்புக் கோடு போட்டு, பெரிதாக அடித்துக்கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டவைத்தார். வீட்டுக் கூடத்தில் ஒன்றை மாட்டினார். பிரம்மசக்தி அதைக் கண்டதும் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பிறகு அந்தச் சுவருக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோபத்தில் எல்லாம் செய்தவர், கைப்பழக்கத்தில் ஒன்றையும் செய்திருந்தார். கறுப்புக் கோட்டுக்கு உள்ளே, எல்லோருக்கும் விடுகிற மாதிரியே, மகளுக்கும் வெள்ளையை விட்டிருந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் பார்டரைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போனார்கள். பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சுவரொட்டியைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "என்ன அண்ணாச்சி, பந்தியில எலையப் போட்டாச்சு, ஆளக் காணோமே" என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். "பிள்ள நல்லாத்தான் இருக்கு போலுக்கு" என்று இன்னொருத்தன் சொன்னான், அவன் கேலிக்குச் சொன்னானா, ஆறுதலுக்குச் சொன்னானா என்று தெரியாமல் நல்லசிவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். ஐப்பசி மழையில் சுவரொட்டிகள் ஊறிக் கிழிந்தன. கூடத்தில் மாட்டியிருந்தது மட்டும் மிஞ்சியது.

அதைக் கழற்றிவிடவேண்டும் என்று ஒருநாள் அவரே ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஏறினவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெறும் வெள்ளை. தூசிகூட இல்லை. அவள் எங்கே இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், எந்தக் கூரைக்கு அடியில் படுக்கிறாள் என்று ஒரு சேதியும் இல்லாத வீட்டில், அவள் இருக்கிறாள் என்ற சேதியை அது ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. படத்தைத் தொடாமலே இறங்கி, ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்தார். மகளைச் சாகடிக்க மாட்டின படத்தில் அன்றிலிருந்து மகள் உயிரோடு இருப்பதைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரம்மசக்தி எழுந்ததும் முகம் கழுவாமல் முதலில் அங்கேதான் போவாள். படுக்கையில் கண்ணை மூடியபடி நல்லசிவன் காத்திருப்பார். கூடத்திலிருந்து அவள் குரல் வரும்: "இல்ல." அவ்வளவுதான். அந்தச் சொல் வந்த பிறகுதான் பால் அடுப்பில் ஏறும், பேப்பர்காரன் போட்ட பேப்பரை எடுக்கலாம், கோபப்படுவதாக இருந்தால்கூடப் படலாம். காற்றுமழை என்றால் ராத்திரியெல்லாம் மாற்றி மாற்றிப் போய்ப் பார்ப்பார்கள். கோயம்புத்தூர் பக்கம் பஸ் கவிழ்ந்தது என்று செய்தி வந்த அன்றைக்கு இரண்டு பேரும் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தே பொழுதைக் கழித்தார்கள்.

"போய்ப் பாத்துட்டு வந்திரலாங்க" என்பாள் பிரம்மசக்தி.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாப்போம். நான் ஒண்ணும் போஸ்டர் அடிக்கலையே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். நாள் அப்படியே போயிற்று, வருஷமும் போயிற்று.

ஒரு சித்திரை மத்தியானம், பஸ் ஸ்டாண்டுத் தார் இளகிக் கிடந்த நேரத்தில், ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கனி வந்து நின்றாள். கதவின் சட்டம் அவளைச் சுற்றி நாலு பக்கமும் நின்றது. அவளுக்குப் பின்னால் வெயில் வெள்ளைவெளேரென்று கிடந்தது. நல்லசிவனுக்குக் கை மவுஸைவிட்டு நழுவியது. இத்தனை நாளும் வீட்டுச் சுவரில் வந்துவிடக்கூடாது என்று பயந்தது கடை வாசலில் வந்துவிட்டது என்றே நினைத்தார். அவளைப் பார்த்துக்கொண்டே போனைத் தடவி எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஏட்டி, போய்ப் பாரு."

"காலையிலயே பாத்தாச்சே."

"இப்பப் போய்ப் பாருன்னு சொல்லுதேன்."

செருப்பில்லாத கால் தரையில் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது.

"இல்ல. என்னங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

அவர் போனை வைத்தார். கனி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வேர்வை வாடையும் பஸ் சீட்டின் ரெக்ஸின் வாடையும் அவளோடு சேர்ந்து வந்தன. இளைத்துப்போயிருந்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. கடைக்கு வருகிற யாரோ ஒருத்தியைப்போலக் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"ஒரு போட்டோ பிரிண்ட் போடணும். பார்டர் வச்சு."

"யாருக்கு?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அவருக்கு."

நல்லசிவன் எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"எப்படிம்மா?"

"ஜவுளிக்கடையில சேலை செக்ஷன். காலையில ஏறுனா ராத்திரி வரைக்கும் நிக்கணும். ஸ்டூல் கிடையாது. ஆள் இல்லாத நேரம் பாத்து அடுக்குக்குப் பின்னால குத்தவச்சா, கேமராவுல பாத்துட்டு மைக்குல பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. கால் நரம்பெல்லாம் கயிறு மாதிரிப் புடைச்சிருக்கும். ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிருச்சுன்னு டாக்டர் சொன்னாங்க." மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவள் மாதிரி சொல்லிமுடித்து, செல்போனைக் கவுண்டரில் வைத்தாள். "அங்கன உள்ள ஸ்டுடியோவுலயும் போட்டுப் பாத்தேன். நீங்க வைக்க மாதிரியே பக்கத்துல நின்னு சொல்லி வைக்கச் சொன்னேன். வரல. அதான் வந்தேன். வேற எதுக்கும் வரல."

படத்தை அவர் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திறந்தார். பதிவு ஆபீஸ் வாசலில் மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் நின்றார்கள். எடுத்தவனுக்குக் கை நடுங்கியிருக்கவேண்டும். அந்த ஒரு முகத்தை நல்லசிவன் அதுவரை முழுசாகப் பார்த்ததே கிடையாது. தெருவில் எதிரே வந்தபோதும் பார்த்ததில்லை, அவள் போன பிறகு நினைக்கவும் விட்டதில்லை. இப்போது வேலை அப்படி, பார்த்தே ஆகவேண்டும். ஜூம் பண்ணினார். திரை முழுக்க அவன் முகம் வந்து நின்றது. சவரம் செய்ததில் தாடையில் ஒரு கீறல். இடது புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு பழைய தழும்பு. புதுச் சட்டையின் காலரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்க்க மறந்திருந்தான். கண்களில் பயம் இருந்தது, அந்தப் பயத்தோடேயே சிரித்திருந்தான். நல்லசிவன் ஸ்டிக்கரை அழித்தார், கீறலை அழிக்கப்போனவர் அழிக்காமல் விட்டார்.

"ரெண்டு பேரும் இருக்கிற படம் இது" என்றார். "கறுப்புக் கோடு போடுற படத்துல உயிரோட இருக்கவங்கள வைக்கிறது இல்ல."

"அப்ப என்னை வெட்டிருங்க. உங்களுக்குப் பழக்கந்தானே."

அவர் குனிந்துகொண்டார். திரையில் மகளை வெட்டினார். மாலை போயிற்று, தோள் போயிற்று, காதில் கிடந்த சின்ன ஜிமிக்கி போயிற்று. அவன் முழங்கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. இதுமாதிரி மிஞ்சுகிற கைகளைப் பக்கத்துச் சட்டைத் துணியை எடுத்து ஒட்டி மறைப்பது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. மறைக்கவில்லை.

"எவ்வளவு அகலம்?"

"முகம் தெரியிற மாதிரி" என்றாள் கனி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

வீட்டுக்கு இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகத்தான் நடந்தார்கள். பிரம்மசக்தி வாசலில் மகளைக் கண்டு, முதுகில் பளார் பளாரென்று அடித்து, அடித்த கையாலேயே அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கனி தலையைத் தூக்கியபோது கூடத்துச் சுவரில் மாலையோடு இருந்த தன் படம் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் பார்த்தாள். "கோடு ரொம்பத் தடிமனா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பிரம்மசக்தி அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டாள். அந்த ஆணியில் தவசிக்குமாரின் படத்தை மாட்டினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் இறங்கி வந்தான். மாலையை மடித்துக் கையில் வைத்திருந்தான். வந்து, வெள்ளையில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

பனையடிப்பேட்டையில் அதுவரை எந்த பார்டரிலும் யாரும் நின்றதில்லை. வந்ததும் உட்காருவதுதான் வழக்கம். அதற்குத்தானே வருகிறார்கள் என்று ஊர் நம்பியது. சேதி பரவி, இந்த வாசலில் கால் வைக்கமாட்டோம் என்ற சொந்தக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். "புது இடம், கூச்சமா இருக்கும்" என்றாள் பேச்சியம்மாள். "மாமனார் இருக்கையில எப்படி உக்காருவாரு, மரியாத தெரிஞ்ச பிள்ள" என்றார் மைதீன் பிச்சை. மரியாதை என்று அவர் சொன்னது நல்லசிவனின் நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வேலைக்கு வருவார்கள், சேதி சொல்ல வருவார்கள், பந்தல் போட வருவார்கள். வந்தவர்கள் நிற்பார்கள், நின்றபடியே பேசிவிட்டு நின்றபடியே போவார்கள். அவர்கள் அப்பன்மாரும் அப்படித்தான் நின்றார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டதாக ஊரில் பேச்சு கிடையாது. அவன் நிற்பது மருமகன் நிற்கிற நிலையா, அந்தத் தெருக்காரன் நிற்கிற நிலையா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்டரில் வருகிறவர்கள் கேட்டால் சொல்கிறவர்களும் இல்லை.

கனிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவள் அவன் கால்களைத்தான் பார்த்தாள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி நின்றான். "கடை அடைச்சாச்சுங்க, இங்க கேமரா இல்ல, உக்காருங்க" என்று படத்துக்கு எதிரே நின்று கெஞ்சினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். உட்காரவில்லை. விடிந்து பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தான். "செத்தும் நிக்காரேம்மா" என்று கனி தாயின் மடியில் விழுந்து அழுதாள், "இங்க கூட்டிட்டு வந்து மறுபடியும் நிக்க வச்சுட்டேனே."

நல்லசிவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மென்பொருள்தான். கடைக்கு ஓடினார். பார்டரை இன்னும் அகலமாக்கி அடித்துக்கொண்டுவந்து மாற்றினார். அவன் இன்னும் உயரமாக நின்றான், கெண்டைக்காலில் புடைத்திருந்த நரம்புகள்தான் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளை கண்ணைக் கூசுகிறதோ என்று சந்தன நிறம் வைத்துப் பார்த்தார். நின்றான். எங்கிருந்தோ ஒரு நாற்காலிப் படத்தைத் தேடி எடுத்து, கைப்பிடியும் மெத்தையும் உள்ள நல்ல நாற்காலி, கத்தரித்துப் பார்டரில் ஒட்டிக் கொண்டுவந்தார். அவன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ போட்டிருப்பதைக் காவல் காக்கிறவன் மாதிரி நின்றான். தான் இருப்பதால்தான் நிற்கிறான் என்று நினைத்துக் கடையிலேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போன் அடித்துக் கேட்டார்.

"உக்காந்தாச்சா?"

"நீங்க வீட்ட விட்டுப் போனா ஆச்சா?" என்றாள் பிரம்மசக்தி. "இத்தன பேருக்கு இடம் போட்டுக் குடுத்தீங்க. ஒருத்தர்ட்டயாவது வாயத் தொறந்து உக்காருங்கன்னு சொல்லியிருக்கீங்களா? அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க சொல்லியிருப்பாங்க. இது யாரு வீடு?"

போன் கையில் இருந்தபடியே அவர் எழுந்தார். கடையைச் சாத்தாமல் வந்துவிட்டதாகப் பிற்பாடு எதிர்க்கடைக்காரர்கள் சொன்னார்கள்.

கூடத்தில் கனி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். நல்லசிவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, படத்துக்கு எதிரே போய் நின்றார். அவன் மாலையை இன்னும் கையில் வைத்திருந்தான். அவரைக் கண்டதும் நாற்காலியில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு நேராக நின்றான். சொல்லவேண்டியது இரண்டே வார்த்தை. தெருவில் யார் யாரையோ அப்படிக் கூப்பிட்டிருக்கிறார், கல்யாண மேடைகளில் முன்பின் தெரியாத எத்தனையோ பையன்களைப் போட்டோவுக்காகக் கூப்பிட்டிருக்கிறார். இப்போது அது வாய்க்கு வர நேரம் பிடித்தது.

"உக்காருங்க மாப்பிள்ள."

கனி தலையைத் தூக்கினாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் உட்காரவில்லை. ஆனால் அவரையே பார்த்தான். பிறகு அவர் நிற்கிற கால்களைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். நல்லசிவனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்தில் நாற்காலி இருந்தது, அதை இழுக்கவில்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, சுவருக்கு அடியில், அவன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் உக்காந்துட்டேன். உக்காருங்க."

தவசிக்குமார் நாற்காலியைத் தொடவில்லை. மாலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரைப்போலவே கையை ஊன்றி, முதலில் ஒரு காலை மடித்து, வலியில் முகம் சுருங்க மற்றக் காலையும் மடித்து, வெள்ளையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பெருமூச்சு ஒன்று விட்டதாகப் பேச்சியம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். பார்டரில் இருக்கிறவர்கள் மூச்சு விடுகிறதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

கனி எழுந்து வந்து அப்பாவுக்கும் படத்துக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வெளியே ஆறரை மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று, கரண்ட் போயிற்று, வந்தது, பிரம்மசக்தி வந்து விளக்கை ஏற்றினாள், சாப்பிடக் கூப்பிட்டாள், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் முதலில் எழுந்தால் மாப்பிள்ளையும் எழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், கால் மரத்துப்போன பிறகும் நல்லசிவன் எழுந்திருக்கவே இல்லை.